சைவக் குப்பையின் வரைபடம்

எங்கள் தொடர்மாடியின் லிப்ட் வாசலில் போன கிழமை ஓர் அட்டவணை ஒட்டினார்கள். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று கட்டங்கள். சமையற் குப்பை பச்சைப் பைக்குள், கடதாசி நீலப் பைக்குள், கண்ணாடியும் தகரமும் சிவப்புப் பைக்குள். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அதே நிறத்தில் ஓர் அம்புக்குறி புறப்பட்டு, கீழ்த்தளத்தில் அந்தந்தத் தொட்டி இருக்கும் மூலைக்குப் போகிறது. நான் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவன், அந்த அம்புக்குறிகளைக் கண்டு நின்றுவிட்டேன். லிப்ட் வந்து கதவைத் திறந்து காட்டியது. நான் ஏறாததால் மூடிக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் முறையும் அப்படியே நடந்தது.

உமக்கு எழுதவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. உம்மை மாதம்பிட்டி மயானத்தில் விட்டுவிட்டு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இது உமக்குப் போய்ச் சேராது என்று தெரியும். உத்தியோக காலத்தில் நான் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவையும் யாருக்காவது போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. அதற்காக எழுதாமல் விட்டதில்லை.

சண்டைக் காலத்தில் ஒரு நாள் வெள்ளவத்தைத் தெருவோரங்களில் இருந்த குப்பைத் தொட்டிகள் காணாமற்போனது உமக்கு நினைவிருக்கும். தொட்டிக்குள் குண்டு வைத்துவிடலாம் என்பது காரணம். காரணம் சரிதான். தொட்டி இல்லாவிட்டால் குண்டு வைக்க இடமிராது. குப்பை போடவும் இடமிராது என்பதை அடுத்த நாள் காலையில் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள். வாசலில் ஒரு சாக்கை வைத்துவிட்டு உள்ளே போய்த் திரும்புவதற்குள், அதைச் சுற்றிக் கயிறு கட்டி, தெருவை மறித்து, ஆட்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு முறை அரை நாளாகக் கோல்றோட் பெருந்தெருவையே நிறுத்திவைத்த சாக்குக்குள் இருந்தது, ஒரு சலூன்காரர் ஒரு கிழமையாகச் சேர்த்த தலைமயிர்.

நான் அப்போது கடைக்காரர் சங்கத்தின் எழுதுவினைஞர். சங்கத்திடம் ஒரு மேசையும் ஒரு தட்டெழுத்துப் பொறியும் ஒரு றப்பர் முத்திரையும் நானும் இருந்தோம். குப்பைக்கு ஒழுங்கு செய்வதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி என்னிடம் தந்தார்கள். நான் அதைக் கோப்பில் போட்டேன். குப்பை கோப்புக்குள் அடங்கவில்லை. அப்போதுதான் யாரோ கொட்டாஞ்சேனையில் ஓர் ஆள் இருப்பதாகச் சொன்னார்கள்.

நீர் ஒரு பழைய லொறியில் வந்து இறங்கினீர். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. முதலில் குப்பையைப் பார்க்கவேண்டும் என்றீர். கடைகளின் பின்பக்க ஒழுங்கைகளில் அன்று காலை முழுவதும் உமக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சாக்கையும் பார்த்தீர். ஒரு புடைவைக்கடைச் சாக்கைத் திறந்து மூடிவிட்டு, "இவரு தீவாளி வரைக்கும் தாங்கமாட்டாருங்க கிளாக்கர்," என்றீர். அவர் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாகக் கடையைப் பூட்டினார்.

அன்றிலிருந்து நீர் என்னைக் கிளாக்கர் என்றும் நீங்க என்றும் அழைத்தீர். நான் உம்மை நீர் என்றேன். அதில் கொஞ்சம் யாழ்ப்பாணத்துத் திமிர் இருந்தது என்பது எனக்குத் தெரியும். உமக்கும் தெரியும். இனி மாற்றினால் யாரோ எழுதுகிறார்கள் என்று நினைத்துவிடுவீர். ஆகையால் அப்படியே விட்டிருக்கிறேன்.

லொட்ஜ்களின் குப்பையை வாசிக்கவும் உம்மிடந்தான் கற்றேன். துண்டு துண்டாகக் கிழித்த கடிதங்களோடு புதுப் பயணப் பெட்டியின் விலைச்சீட்டும் வந்தால், வடக்கிலிருந்து வந்து தங்கியிருந்த யாரோ ஒருவர் வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டார். விலைச்சீட்டு இல்லாமல் கிழித்த கடிதங்கள் மட்டும் வந்தால், ஆமிச் சுற்றிவளைப்பு வரப்போகிறது. அந்தத் துண்டுகளை நீர் கடதாசிச் சாக்கில் போடமாட்டீர். சாப்பாட்டு மிச்சம் சேர்க்கும் பீப்பாவின் அடியில் போட்டு மேலே கஞ்சியை ஊற்றுவீர். ஏன் என்று கேட்டேன்.

"கடதாசின்னா யாராச்சும் படிப்பாங்க கிளாக்கர்."

நான் சிரித்தேன். இருபது வருஷம் கடதாசி எழுதியவன். யாராவது படித்ததாக எனக்கு அனுபவம் இல்லை.

கஷ்டம் சாப்பாட்டுக் கடைகளோடு வந்தது. மிச்சச் சோறு, எலும்பு, மரக்கறித் தோல் எல்லாவற்றையும் களனி ஆற்றுக்கு அப்பால் இருந்த ஒரு பன்றிப் பண்ணை எடுக்கத் தயாராக இருந்தது. அது தெரிந்ததும், புரியாணிக் கடை ஹாஜியார் என்னைக் கூப்பிட்டுத் தன் கடைச் சோறு ஒரு பருக்கைகூடப் பன்றிக்குப் போகக்கூடாது என்றார். அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. அடுத்து சைவக் கடை முதலாளி வந்தார். அவருக்குப் பன்றியில் ஆட்சேபம் இல்லை. தன் கடைக் குப்பை, மீனும் இறைச்சியும் சமைக்கும் மச்சக் கடைக் குப்பையோடு கலக்கக்கூடாது என்பதுதான் அவரது கோரிக்கை. முப்பது வருஷமாகத் தன் கடையில் சைவம் காத்தவர். கடையை விட்டு வெளியே போனாலும் அது சைவமாகவே போகவேண்டும்.

இதை உம்மிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நீர் சிரிக்கவில்லை. பீப்பாக்களை மூன்று விதமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி வகுத்தீர். சைவக் கடையின் தோல்களும் இலைகளும் கொட்டாஞ்சேனையில் ஒரு மாட்டுப்பட்டிக்கு. ஹாஜியாரின் சோறு மட்டக்குளியில் ஒரு வாத்துப் பண்ணைக்கு. மற்றவை ஆற்றுக்கு அப்பால். மூன்று பீப்பா, மூன்று பயணம். போகிற வழியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கொழும்பில் ஒரு சீவனுக்கும் தெரிந்திராது. நானே ஒரு நாள் அதைச் சாடைமாடையாகச் சொன்னேன். நீர் கேளாதவர்போல லொறியின் பின்கதவைக் கொளுவினீர்.

பிறகு சோதனைச் சாவடிக் கம்பி வந்தது. சாவடிகளில் நிற்கும் சிப்பாய்கள் நீண்ட இரும்புக் கம்பியைப் பீப்பாக்குள் விட்டுக் கிளறிப் பார்த்தார்கள். அது அவர்கள் கடமை. ஆனால் ஒரு நாள் சைவக் கடை முதலாளி அதைத் தன் கண்ணால் கண்டுவிட்டார். நேரே சங்கத்துக்கு வந்து, அந்தக் கம்பி அதற்கு முன் எந்தப் பீப்பாவுக்குள் போயிருக்கும் என்று என்னிடம் விசாரித்தார். நாடு இருந்த நிலையில் அவருக்கு இருந்த கவலை அது. ஆனால் அவர் சங்கத்தின் பொருளாளர். நான் சம்பளம் வாங்குபவன். கம்பி படாத வழி ஒன்றைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்னேன்.

கண்டுபிடித்தேன் என்பதுதான் என் தவறு. மூன்று மாலை நேரங்கள் சங்க மேசையில் இருந்து ஒரு வரைபடம் கீறினேன். சைவப் பீப்பாவின் வழி பச்சை மையில், ஹாஜியாருடையது நீலத்தில், மற்றது சிவப்பில். சாவடிகளுக்கு வட்டம். பொலிஸ் காவலரண், வங்கி, புகையிரத நிலையம் ஆகியவற்றுக்கு அருகே சாக்கு வைக்கக்கூடாது என்பதால் அவற்றுக்குப் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. பச்சைக் கோடு ஒவ்வொரு வட்டத்துக்கும் கொஞ்சம் முன்னால் ஓர் ஒழுங்கைக்குள் திரும்பி, கொஞ்சம் பின்னால் வெளிவந்தது. அதைப்போல ஓர் அழகான கோட்டை நான் அதற்கு முன் கீறியதில்லை.

நீர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தீர்.

"நமக்கு எதுக்குங்க படம்? எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு."

"நாளைக்கு உமக்குக் காய்ச்சல் கீச்சல் வந்தால் ஆர் கொண்டுபோறது?"

"எனக்கு எப்ப காய்ச்சல் வந்திச்சு?"

என் முகம் வாடியிருக்கவேண்டும். நீர் படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பைக்கு மேல் இரண்டு தரம் தட்டிக் காட்டினீர். பிள்ளை கீறிக்கொண்டு வந்த சித்திரத்தை வாங்கி வைக்கும் தகப்பனைப்போல. உமக்கு அது தேவையிருக்கவில்லை. எனக்காக வைத்துக்கொண்டீர்.

ஆறாம் நாள் காலை, பச்சைக் கோட்டில், சாவடி இல்லாத ஓர் ஒழுங்கையில் புதிதாக ஒரு சாவடி முளைத்திருந்தது. சட்டைப் பையைச் சோதித்து, படத்தோடு உம்மையும் கொண்டுபோனார்கள்.

நான் கீறியவற்றில் அவ்வளவு கவனமாகப் படிக்கப்பட்டது அது ஒன்றுதான். நீர் உண்மையைச் சொன்னீராம். இது சைவக் குப்பை, மச்சக் குப்பையோடு சேரக்கூடாது, அதை ஆமிக் கம்பியும் தொடக்கூடாது, அதனால்தான் சாவடிகளைச் சுற்றிப்போகிறோம் என்று. உமது சிங்களம் அவர்களுடையதைவிட நன்றாக இருக்கும். அப்படியிருந்தும் அதை எந்த மொழியிலும் நம்பவைக்க முடியாது.

இரண்டாம் நாள் மத்தியானம் உமது மனைவி சங்கத்துக்கு வந்தார். அதற்கு முன் நான் அவரைக் கண்டதில்லை. குடையை மடிக்காமல் வாசலிலேயே நின்று, நீர் சொல்லியனுப்பியதை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தார்.

"படத்த அவருதான் போட்டாருன்னு சொல்லிட்டாராம் அண்ணே. நீங்க வாயத் தொறக்கவேணாம்னு சொன்னாரு. ஒங்க ஐடியில யாழ்ப்பாணம்னு இருக்கு. அவரு பொறந்தது இங்க. அவரு எப்பிடியும் வந்துருவாரு, நீங்க உள்ள போனா வரமாட்டீங்கன்னாரு."

 அவர் போகத் திரும்பியவர் நின்றார்.

"அந்தப் படத்துல அப்பிடி என்னண்ணே இருந்திச்சு?"

"குப்பை," என்றேன்.

இதற்கு மேல் எழுதப்போவதுதான் உமக்குத் தெரியாதது. நான் எதை எழுதினாலும், எதைக் கீறினாலும், கீழே வலது மூலையில் என் பெயரையும் திகதியையும் சின்ன எழுத்தில் போடுவேன். சங்கத்துக்குக் குண்டூசி வாங்கிய துண்டிலும் போட்டிருக்கிறேன். நீர் அதைக் கண்டு பகிடி பண்ணியிருக்கிறீர். அந்த வரைபடத்தில் மட்டும் போடவில்லை. மறந்துபோனேன் என்று எனக்கே கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். அது சரிவரவில்லை. மூன்றாம் மாலை, கடைசிக் கோட்டை இழுத்து முடித்தபிறகு, பேனையை அந்த மூலைக்குக் கொண்டுபோனேன். கை அங்கே நின்றது. சாவடி வட்டங்களைப் பார்த்தேன். பேனையை மூடினேன். அப்படி ஒரு கடதாசி பிடிபட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் அடுத்த நாள் காலை உமது கையில் தந்தேன்.

பெயர் இல்லாத படம். ஆகையால் யாரும் அதைத் தன்னுடையது என்று சொல்லலாம். நீர் சொன்னீர்.

நான் மூன்று தரம் உம்மை வைத்திருந்த காவல் நிலையத்துக்குப் போனேன். முதல் இரண்டு தரமும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தரம் வாசல்வரை போய்விட்டேன். காவலுக்கு நின்றவர் என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். என் வாயில் வந்த சிங்களம், மருதானைக்கு எந்த பஸ் போகும் என்பதாக இருந்தது. அவர் நல்ல மனிதர். தெருவில் இறங்கிக் கையைக் காட்டி எனக்காக ஒரு பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டார். மருதானையில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அங்கே இறங்கி, நடந்தே வெள்ளவத்தைக்குத் திரும்பினேன்.

வேறு என்ன செய்யலாம் என்று யோசித்து, எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். கடிதம் எழுதினேன். சங்கத் தாளில், மும்மொழியிலும், குப்பை பிரிக்கும் ஒழுங்கை விளக்கி, முத்திரை குத்தினேன். படத்தை யார் கீறியது என்பது மூன்று மொழியிலும் இல்லை. கடைக்காரர்கள் கையெழுத்து வைத்தால் பெறுமதி கூடும் என்று நினைத்து, எந்த முதலாளியின் சைவத்துக்காக நீர் உள்ளே இருந்தீரோ அவரிடமே முதலில் கொண்டுபோனேன். அவர் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நான் பிள்ளைகுட்டிக்காரன். இதில பேரைப் போட்டால் நாளைக்கு என்னையுமெல்லே ஏத்துவாங்கள்." பிறகு, நான் படி இறங்கும்போது, ஆறுதலாகவே சொன்னார். "பீப்பா நிரம்பி மணக்குது. எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டிவிடச் சொல்லும். குப்பைதானே."

ஒன்றாகத்தான் கொட்டினோம். நீர் உள்ளே போன ஐந்தாம் நாளிலிருந்து சைவமும் மச்சமும் ஒரே லொறியில், ஒரே பீப்பாவில், ஆற்றுக்கு அப்பால் போயின. எந்தக் கம்பி எதைக் கிளறியது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஹாஜியார் கடிதத்தை வாசிக்கவே இல்லை. "எங்க போடணும், செல்லுங்க," என்று பேனையை வாங்கினார். "அந்த மனிசன் என்ட சோத்தப் பண்டிக்குப் போடல்ல. அது எனக்குப் போதும்." கையெழுத்து வைத்ததோடு நில்லாமல் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு தானே காவல் நிலையத்துக்குப் புறப்பட்டார். என்னையும் வரச்சொன்னார். எனக்குச் சங்கத்தில் வேலை இருந்தது.

அவர் நாலைந்து தரம் போகவேண்டியிருந்தது. ஒரு முறை அதிகாரி உம்மிடம் ஒரு தாளைத் தந்து, அதே படத்தை மறுபடி கீறிக் காட்டச் சொன்னாராம். நீர் கீறிய கோல்றோட் கத்தரிக்காய் மாதிரி இருந்தது என்று ஹாஜியார் வந்து சொன்னார். கை நடுங்குகிறது என்று சமாளித்தீராம். கடைசியில் உம்மைக் காப்பாற்றியது என் கடிதம் அல்ல. சைவக் குப்பைக் கதையை அதிகாரி தன் மேலதிகாரிக்குச் சொல்ல, அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஹாஜியாரை மறுபடி சொல்லவைத்திருக்கிறார். அறை முழுவதும் சிரிப்பாம். இப்படி ஒரு பொய்யை மனிதர் யோசித்துச் சொல்லமுடியாது என்ற முடிவுக்கு அவர்கள் வர ஐந்து கிழமை எடுத்தது.

நீர் விடுபட்டு வந்த அன்று பின்னேரம் சங்கத்துக்கு வந்தீர். மெலிந்திருந்தீர். நான் கதைக்கத் தொடங்கியபோது முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினீர். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீர் முதலில் கேட்டது, சைவப் பீப்பாவை இத்தனை நாளும் யார் எடுத்தது என்றுதான். நான் நடந்ததைச் சொன்னேன். 

"அப்ப மாட்டுக்கு?" என்றீர்.

மாட்டை நான் நினைத்துப் பார்த்திருக்கவே இல்லை.

அடுத்த நாள் விடிய மூன்று பீப்பாக்களும் கழுவி, பழைய இடங்களில் நின்றன. சைவக் கடை முதலாளி வாசலுக்கு வந்து பார்த்து, இப்போதுதான் மனதுக்கு நிம்மதி என்றார். நீர் அவருக்குத் தலையசைத்தீர். எனக்குத் தெரிந்து, அந்தக் கடை மூடும்வரைக்கும் அந்தப் பீப்பா ஒரு நாளும் வழி மாறவில்லை.

அதன்பிறகு பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒன்றாக நடந்திருக்கிறோம். நான் எப்போதும் உமது இடப்பக்கமாக, கேளாத காதின் பக்கமாகவே நடந்தேன். தற்செயலாக அப்படி அமைந்தது என்று எழுதினால் நீர் நம்பக்கூடும். அந்தப் பக்கமிருந்து, அந்த மூலையைப் பற்றி, மூடிய பேனையைப் பற்றி, இரண்டு தரம் முழுவதுமாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு தரம் கடற்கரையில், ரெயில் போகும்போது. இரண்டு தரமும் நீர் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தீர். ஒரேயொரு தரம், ஹாஜியாரின் சாவீட்டுக்குப் போய்த் திரும்புகையில், வலப்பக்கமாக வந்து தொடங்கினேன். "அந்தப் படம்..." என்றதும் நீர் என் தோளில் தட்டினீர்.

"விடுங்க கிளாக்கர். படம் நல்லாத்தான் இருந்திச்சு."

நான் விட்டேன். அன்று விட்டிருக்கக்கூடாது.

இப்போது நான் இருக்கும் இந்தத் தொடர்மாடி அந்தச் சைவக் கடை இருந்த நிலத்தில்தான் எழுந்திருக்கிறது. ஆறாம் மாடி. பிள்ளைகள் கனடாவில். மனைவி காலமானபிறகு என் ஒரு நாளின் குப்பை ஒரு தேயிலைப் பொட்டலம், பாண் விளிம்பு, மாத்திரைத் தகடு. நீர் ஒருமுறை பையைத் திறந்து மூடியிருந்தால் போதும், எல்லாம் தெரிந்திருக்கும். பையின் வாயை நான் இன்னமும் கட்டுவதில்லை. கட்டினால் அவிழ்க்கச் சொல்வார்கள் என்று கை நினைக்கிறது. அவிழ்க்கச் சொல்ல இப்போது ஒருவரும் இல்லை. காவலாளி மட்டும், எறும்பு வருகிறது என்று முறையிடுகிறார்.

லிப்ட் வாசலில் ஒட்டிய அட்டவணை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நான் அதன் முன் அடிக்கடி நிற்பதைக் கண்டு, தொடர்மாடிக் குழுவின் செயலாளர், என் மகள் வயது, தமிழில் ஒன்று எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். மூன்று நிறத்தில் பேனை வாங்கினேன். மூன்று மாலை எடுத்தது. கை முன்போல் இல்லை, அம்புக்குறிகள் கொஞ்சம் ஆடின. கடைசி அம்பைக் கீறி முடித்து, பேனையைக் கீழே வலது மூலைக்குக் கொண்டுபோனேன். முழுப் பெயரையும் எழுதினேன். திகதி போட்டேன். வீட்டு இலக்கமும் போட்டேன்.

செயலாளர் அதை ஒட்டும்போது அந்த மூலையைக் கவனித்துவிட்டார்.

"பேர் எதுக்கு அங்கிள்? குப்பை லிஸ்ட்தானே."

"ஆரும் வந்து கேட்டால் சொல்லத்தான் பிள்ளை."

ஒட்டி நாலு நாள் ஆகிறது. குப்பை போடுகிற சாட்டில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் பையோடு கீழே இறங்கி, அதன் முன் சற்று நேரம் நிற்கிறேன். இரண்டு தரம் இறங்குமளவுக்கு என்னிடம் குப்பை இல்லை. ஆட்கள் லிப்டுக்குள் வருகிறார்கள், போகிறார்கள். இதுவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை.